கோவைக்கு எந்தத் தடம்?

கோவை, மதுரை நகரங்களில் மெட்ரோ ரயில் அமைப்பதற்காகத் தமிழக அரசு அனுப்பிய திட்ட அறிக்கைகளை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியதும், வழக்கம்போல இரு தரப்பிலும் குரல்கள் உயர்ந்தன. தமிழகம் வஞ்சிக்கப்படுகிறது என்றது ஒரு தரப்பு. அறிக்கையே சரியாகத் தயாரிக்கப்படவில்லை என்றது மறு தரப்பு. இந்த இரைச்சலில், உக்கடத்திலும் காந்திபுரத்திலும் மாலை ஆறு மணிக்குப் பேருந்துக்காகக் காத்து நிற்பவரின் கேள்வி அமுங்கிப் போயிற்று. நேரத்துக்கு வருகிற, நெரிசலில் சிக்காத, கையைக் கடிக்காத கட்டணத்தில் வீடு கொண்டு சேர்க்கிற வாகனம் அவருக்கு வேண்டும். அது தண்டவாளத்தில் ஓடலாம், ஒற்றை உத்தரத்தின் மீது ஓடலாம், சாலையில் தனித்தடத்திலும் ஓடலாம். இவற்றுள் எது, எந்த வரிசையில் கோவைக்குப் பொருந்தும் என்பதை நிதானமாக எடைபோட வேண்டிய நேரம் இது.

திருப்பி அனுப்பியது ஏன்?

கோவைக்காக வகுக்கப்பட்ட திட்டம் இரு வழித்தடங்களைக் கொண்டது. ஒன்று உக்கடத்தில் தொடங்கி அவிநாசி சாலை வழியாக நீலாம்பூர் செல்வது. மற்றொன்று ரயில் சந்திப்பிலிருந்து காந்திபுரம், சத்தியமங்கலம் சாலை வழியாக வலியாம்பாளையம் பிரிவு செல்வது. ஏறத்தாழ 35 கி.மீ. நீளத்துக்கு ரூ.10,740 கோடி செலவாகும் என மதிப்பிடப்பட்டது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ரூ.300 கோடிக்கு மேல்.

மத்திய அரசு இதற்குச் சொன்ன காரணங்களில் மக்கள்தொகை குறித்தது மட்டுமே பரவலாகப் பேசப்பட்டது. மெட்ரோ ரயில் கொள்கை 2017-இன்படி 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களே மெட்ரோவுக்குத் திட்டமிடலாம். 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை 16 லட்சத்துக்கும் குறைவு. ஆனால், அதே கணக்கெடுப்பில் கோவை நகர்ப்புறத் தொகுதியின் மக்கள்தொகை 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மக்கள் மாநகராட்சி எல்லையைப் பார்த்துப் பயணம் செய்வதில்லை. போதாக்குறைக்கு, 20 லட்சத்தை எட்டாத ஆக்ராவில் மெட்ரோ ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027-இல்தான் முடியும் என்ற நிலையில், பதினான்கு ஆண்டுப் பழைய எண்ணைக் கொண்டு ஒரு நகரத்தின் எதிர்காலத்தை அளப்பது நியாயமல்ல. இந்த வாதத்தில் தமிழகத்தின் பக்கமே வலு அதிகம்.

ஆயினும், மற்ற காரணங்களை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. கோவையில் சராசரிப் பயண தூரம் குறைவு; அந்தக் குறுகிய தூரத்தில் மெட்ரோவால் மிச்சமாகும் நேரம் பெரிதல்ல. சில இடங்களில் சாலையின் அகலம் போதாது. 35 கி.மீ. கோவை மெட்ரோவில் எதிர்பார்க்கப்படும் பயணிகள் எண்ணிக்கை, 54 கி.மீ. சென்னை மெட்ரோவில் இன்று பயணிப்போரைவிட அதிகமாகக் காட்டப்பட்டிருக்கிறது. மதுரையைப் பொருத்தவரை, விரைவுப் பேருந்துத் தடமே போதுமானது என்ற கருத்தும் சொல்லப்பட்டது. இவை அரசியல் கேள்விகள் அல்ல, பொறியியல் கேள்விகள். மத்தியில் எந்தக் கட்சி ஆண்டாலும் கோவை இவற்றுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

எடைபோடும் முறை

எந்தப் போக்குவரத்து முறையையும் நான்கு அளவுகோல்களால் அளக்கலாம். முதலாவது, நெரிசல் வேளையில் ஒரு திசையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கொண்டு செல்லும் என்பது. இரண்டாவது, பயணியின் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரையிலான மொத்த நேரம். மூன்றாவது, கட்டும் செலவும் அதன் பின் முப்பது ஆண்டுகள் ஓட்டும் செலவும். நான்காவது, எத்தனை ஆண்டுகளில் பயன்பாட்டுக்கு வரும் என்பது.

முதல் அளவுகோலை எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். எழுபது பேர் ஏறும் பேருந்து நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் மணிக்கு 4,200 பேர். அரை நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் 8,400 பேர். நான்கு பெட்டிகள் கொண்ட மும்பை மோனோ ரயிலில் ஏறத்தாழ 560 பேர் பயணிக்கலாம். நான்கு நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் மணிக்கு 8,400 பேர். நான்கு பெட்டிகள் கொண்ட சென்னை மெட்ரோவில் 1,276 பேர் ஏறலாம். மூன்று நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் 25,000-க்கும் மேல். பன்னிரண்டு பெட்டிப் புறநகர் ரயில் இவை எல்லாவற்றையும் விஞ்சும். மெட்ரோவின் வலிமை இந்தக் கொள்திறனில்தான் இருக்கிறது. அவ்வளவு கூட்டம் இல்லாத தடத்தில் அந்த வலிமைக்குக் கொடுக்கும் விலை வீணாகும்.

இரண்டாவது அளவுகோலுக்கு ஏழு கிலோமீட்டர் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெரிசலில் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும் பேருந்துக்கு 30 நிமிடங்கள் ஆகும். தனித்தடத்தில் 21 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்துக்கு 20 நிமிடங்கள். 34 கி.மீ. வேகத்தில் செல்லும் மெட்ரோவுக்குப் பன்னிரண்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகம். ஆனால், மெட்ரோ நிலையங்களுக்கு இடையே தூரம் அதிகம். நடந்து சென்று, சோதனை வாயிலைக் கடந்து, படியேறி, இறங்கி வரக் கூடுதலாகப் பத்து நிமிடங்கள் ஆகலாம். பேருந்து நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடங்கள் போதும். மொத்தத்தில் மெட்ரோ 22, தனித்தடப் பேருந்து 25, இன்றைய பேருந்து 35 நிமிடங்கள் என்றாகும். குறுகிய பயணங்களில் நேரத்தின் பெரும்பகுதியை மிச்சப்படுத்துவது தனித்தடமே என்பதை இந்த எளிய கணக்கே உணர்த்திவிடும். பயண தூரம் 15 கி.மீ., 20 கி.மீ. என நீளும்போதுதான் மெட்ரோவின் வேகம் தன் பலனைக் காட்டும்.

மோனோ ரயில்: கவர்ச்சியும் கசப்பும்

சாலையின் நடுவே மெல்லிய தூண்கள், அவற்றின் மீது ஒற்றை உத்தரம், அதைக் கால்களால் கவ்வியதுபோல் ஓடும் ரயில். மோனோ ரயிலின் தோற்றமே ஆட்சியாளர்களை ஈர்க்கும். மெட்ரோவைவிடக் குறைந்த இடம் போதும். கூர்மையான வளைவுகளில் திரும்பும். ரப்பர் சக்கரங்கள் என்பதால் செங்குத்தான ஏற்றங்களிலும் ஏறும். மலைகளும் ஆறுகளும் நிறைந்த சீனத்தின் சோங்சிங் நகரில் 60 கி.மீ.க்கு மேல் நீளும் மோனோ ரயில் தடம் பெருந்திரளான மக்களைச் சுமக்கிறது. 1964 ஒலிம்பிக்கை ஒட்டித் தொடங்கப்பட்ட டோக்கியோ ஹனேடா விமான நிலையத் தடம் இன்றும் ஓடுகிறது. எனவே மோனோ ரயில் எங்குமே பயன்படாது என்று சொல்ல முடியாது. சிட்னியில் 1988-இல் தொடங்கிய மோனோ ரயில் 2013-இல் நிறுத்தப்பட்டுத் தடமும் பிரித்தெடுக்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

இந்தியாவின் ஒரே மோனோ ரயில் மும்பையில் இருக்கிறது. வடாலா–செம்பூர் பகுதி 2014 பிப்ரவரியிலும், ஜேக்கப் சர்க்கிள் வரையிலான மீதிப் பகுதி 2019 மார்ச்சிலும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 20 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தில் நாளொன்றுக்குப் பயணம் செய்தவர்கள் இருபதாயிரத்தை எட்டவில்லை. மக்கள் செல்லும் திசையில் தடம் அமையவில்லை. புறநகர் ரயில் நிலையங்களோடு சரியான இணைப்பும் இல்லை. 2017 நவம்பரில் இரு பெட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஏறத்தாழ பத்து மாதங்கள் சேவை நின்றது. ரயில்களைத் தந்த மலேசிய நிறுவனம் விலகியபின் உதிரி பாகங்களுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. 2025 ஆகஸ்டில் கனமழையில் மற்ற ரயில்கள் நின்றபோது மக்கள் மோனோ ரயிலை நோக்கித் திரண்டனர். 104 டன் தாங்கும் ரயிலில் எடை 109 டன்னாக உயர்ந்ததும் மின் தொடர்பு அறுந்து, ரயில் உயரத்தில் நின்றுவிட்டது. தீயணைப்புத் துறையினர் ஏணிகளை வைத்து நூற்றுக்கணக்கானோரைக் கீழே இறக்கினர். அடுத்த மாதமே, மேம்பாட்டுப் பணிக்காக என்று சேவை நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்த நிகழ்வுகளுக்குப் பின்னால் மோனோ ரயிலின் இயல்பான மூன்று குறைகள் இருக்கின்றன. சாதாரண ரயிலுக்கு உலகெங்கும் பொதுவான தண்டவாள அளவுகள் உண்டு. ஒரு நிறுவனம் போனால் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியை வாங்கலாம். மோனோ ரயில் உத்தரத்தின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; முதலில் யாரிடம் வாங்கினோமோ அவரிடமே கட்டுண்டு கிடக்க வேண்டும். தடம் மாற்றுவதற்குத் தண்டவாளத்தின் சிறு பகுதியை அசைத்தால் போதாது, உத்தரத்தையே நகர்த்த வேண்டும். பழுதாகி நின்றால் பயணிகள் இறங்கி நடக்கப் பெரும்பாலும் பக்கவழி இருக்காது.

தமிழகத்துக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. 2011-இல் சென்னையில் 111 கி.மீ. மோனோ ரயில் அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டு ரத்தாயின. நீளம் சுருங்கி, பூந்தமல்லி–கத்திப்பாரா, போரூர்–வடபழனி என 20 கி.மீ. அளவில் வந்து நின்றது. கடைசியில் ஒரு தூண்கூட எழவில்லை. அதே பூந்தமல்லி–போரூர்–வடபழனி தடத்தில் இன்று மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. கேரளமும் திருவனந்தபுரம், கோழிக்கோடு நகரங்களுக்கு மோனோ ரயில் திட்டமிட்டு, 2014-இல் கைவிட்டு இலகு மெட்ரோவுக்கு மாறியது. இத்தனைக்கும் பிறகு சமவெளியில் அமைந்த கோவைக்கு மோனோ ரயிலைப் பரிந்துரைக்கக் காரணம் ஏதுமில்லை.

பேருந்துக்கு ஒரு தனித்தடம்

பிரேசிலின் குரிடிபா நகரம் 1974-இல் தொடங்கிவைத்த எண்ணம் எளியது. ரயிலுக்குத் தருகிற மூன்று சலுகைகளைப் பேருந்துக்குக் கொடுத்தால் பேருந்தும் ரயிலைப்போல ஓடும். அவை: வேறெவரும் நுழையாத தடம், ஏறுமுன்பே பயணச்சீட்டு, பேருந்தின் தளத்துக்குச் சமமான உயரத்தில் நடைமேடை. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ, நிலையங்களில் ஒரு பேருந்தை மற்றொன்று முந்திச் செல்ல இரண்டாவது தடமும் அமைத்து, பல மெட்ரோக்களுக்கு நிகராக மக்களைச் சுமந்தது. ஜகார்த்தா, இஸ்தான்புல், குவாங்சௌ எனப் பல நகரங்கள் பின்தொடர்ந்தன.

இந்தியாவில் கதை கலவையானது. அகமதாபாதில் 2009-இல் தொடங்கிய ஜன்மார்க் இன்றும் ஓடுகிறது. தில்லியில் 2008-இல் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கி.மீ. நீளத்துக்கு அமைத்த தடம் எட்டு ஆண்டுகளில் பெயர்த்தெடுக்கப்பட்டது. போபாலில் 2024-இல் தடுப்புகள் அகற்றப்பட்டன. இந்தூரில் தடத்தை அகற்ற 2025-இல் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஹூப்ளி–தார்வாட் இரட்டை நகரத் தடத்திலும் மற்ற வாகன ஓட்டிகளின் எதிர்ப்பு ஓயவில்லை.

தோல்விகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். தில்லித் தடத்தில் காரில் சென்றவர்களின் கோபமே செய்தியானது. பேருந்தில் விரைவாகச் சென்றவர்களின் நிம்மதி செய்தியாகவில்லை. குறுகிய தொலைவுக்கு மட்டும் தடம் போட்டால், தடம் முடிந்த இடத்தில் பேருந்து மீண்டும் நெரிசலில் மூழ்கும். மிச்சமான நேரம் கரைந்துவிடும். தடத்தில் பேருந்துகள் அடிக்கடி வராவிட்டால், பக்கத்தில் நெரிசலில் நிற்பவருக்கு அது காலியாகக் கிடக்கும் சாலையாகத் தோன்றும். தடத்தைக் காக்கக் காவலர்கள் இல்லாவிட்டால் முதலில் இருசக்கர வாகனங்களும் பிறகு கார்களும் நுழையும். பேருந்துத் தடத்தின் உண்மையான விலை பணமல்ல. தனி வாகனங்களிடமிருந்து சாலையின் ஒரு பங்கைக் கேட்டு வாங்கும் அரசியல் துணிவே அதன் விலை. மோனோ ரயிலின் மீதும் மெட்ரோவின் மீதும் ஆட்சியாளர்களுக்கு இருக்கும் காதலுக்கு இதுவும் ஒரு காரணம்: அவை காரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை.

பேருந்துத் தடத்துக்கும் உச்சவரம்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்மிலேனியோ நெரிசலில் திணறி, பொகோட்டா இப்போது தன் முதல் மெட்ரோவைக் கட்டிவருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரம் பேருந்தால் ஓடியது. அதன் பிறகே மெட்ரோவுக்குச் செலவழிக்கத் தொடங்கியது. வரிசை இங்கே கவனிக்கத்தக்கது.

மெட்ரோ: எங்கே பொருந்தும்?

சென்னை மெட்ரோவின் அனுபவம் இரு பக்கமும் பாடம் தருவது. 2009-இல் பணி தொடங்கி, 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே முதல் ரயில் ஓடியது. 45 கி.மீ. முதல் கட்டம் முழுமையாக முடிந்தது 2019-இல். விம்கோ நகர் நீட்டிப்பு 2021-இல் வந்தது. தொடக்கத்தில் காலியாக ஓடிய ரயில்கள், தடங்கள் இணைய இணைய நிரம்பின. இன்று நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று லட்சம் பேர் பயணிக்கிறார்கள். மூன்று வழித்தடங்கள் கொண்ட இரண்டாம் கட்டத்துக்கு ரூ.63,246 கோடி. சுரங்கப் பாதைகளும் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்கு ரூ.530 கோடிக்கு மேல் ஆகிறது. பெருநகரத்தின் முதுகெலும்பான தடங்களில் இந்தச் செலவு நியாயமானதே. ரயில் பெட்டி முப்பது ஆண்டுகள் உழைக்கும். பேருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டும் என்பதும் மெட்ரோவுக்குச் சாதகமான வாதம்தான்.

ஆனால், ரயில் என்பதாலேயே மக்கள் ஏறிவிடுவார்கள் என்பதில்லை. 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே தொடங்கி 2007-இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயிலே இதற்குச் சான்று. மாளிகை போன்ற நிலையங்கள், இருண்ட படிக்கட்டுகள், வெளியே வந்தால் இணைப்புப் பேருந்து இல்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு, அதில் அரைக் கிலோமீட்டர் நிலப் பிரச்சினையால் பத்தாண்டுக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. அந்த இணைப்பு இல்லாததால் மீதித் தடத்தின் பயனும் பாதியாகக் குறைந்தது.

கோவையில் இன்னொரு கேள்வியும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். பனியன் நிறுவனத்துக்கும் நூற்பாலைக்கும் கடைக்கும் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அந்தச் சலுகை மாதந்தோறும் மிச்சமாகும் கூலி. அவர் மெட்ரோவில் ஒரு நடைக்கு இருபது, முப்பது ரூபாய் கொடுத்து ஏறுவாரா? பயணிகள் எண்ணிக்கையை மதிப்பிடும் எந்த அறிக்கையும் இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை காண வேண்டும். அவர் ஏறமாட்டார் என்றால், பெரும் செலவில் கட்டுவது ஏற்கெனவே வசதியுள்ளவருக்கு மட்டும் பயன்படும். மெட்ரோவைக் காட்டிப் பேருந்துகளையும் குறைத்தால் அவருக்கு அநீதியாகவே முடியும்.

கண்முன் கிடக்கும் தண்டவாளம்

கோவையின் விவாதத்தில் பெரும்பாலும் மறக்கப்படுவது, நகரத்தைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் ரயில் பாதை. ஈரோட்டிலிருந்து வரும் பாதை இருகூரில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராகப் போத்தனூர் செல்கிறது. மற்றொன்று சிங்காநல்லூர், பீளமேடு, வடகோவை, கோவை சந்திப்பு வழியாகச் சுற்றி, அதே போத்தனூரை அடைகிறது. வரைபடத்தில் பார்த்தால் இது ஒரு முழு வட்டம். இந்த வட்டத்திலிருந்து துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் வழியாக மேட்டுப்பாளையத்துக்கும், கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சிக்கும், சோமனூர் வழியாகத் திருப்பூருக்கும் கிளைகள் பிரிகின்றன. நகரம் எந்தத் திசைகளில் வளர்கிறதோ அந்தத் திசைகளிலெல்லாம் தண்டவாளம் ஏற்கெனவே செல்கிறது.

சென்னைக்கு மின்சாரப் புறநகர் ரயில் 1931-லேயே கிடைத்தது. கடற்கரை–தாம்பரம் தடமே பின்னாளில் தென்சென்னைப் புறநகர்களை உருவாக்கியது. கோவையில் மேட்டுப்பாளையத்துக்கு நாளும் சில பயணிகள் ரயில்கள் ஓடுகின்றன. மற்ற நிலையங்களை விரைவு ரயில்கள் கடந்து போகின்றன. இந்த வட்டத்திலும் கிளைகளிலும் அரை மணிக்கு ஒரு மெமு ரயில் ஓடுமானால், புதிய நிலம் கையகப்படுத்தாமலே நகருக்கு ஒரு ரயில் வலைப்பின்னல் கிடைக்கும்.

இடையூறுகள் இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் பாதை ஒற்றைத் தடம். முதன்மைப் பாதையில் நெடுந்தூர ரயில்களும் சரக்கு ரயில்களும் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. நிலையங்களின் நடைமேடை, சுரங்க நடைபாதை, வாசலுக்கு வரும் பேருந்து என எல்லாவற்றையும் சீரமைக்க வேண்டும். ஆனாலும் இவற்றுக்கு ஆகும் செலவு மெட்ரோவின் செலவில் சிறு பங்காகவே இருக்கும். தெற்கு ரயில்வேயும் மாநில அரசும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதே முதன்மையான நிபந்தனை.

கோவைக்கு ஒரு வரிசை

2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ.; செலவு ரூ.1,791 கோடி. நெடுந்தூரம் செல்லும் வாகனங்கள் மேலே ஏறிவிட்டதால், கீழேயுள்ள சாலைக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. இந்த இடைவெளி நீடிக்காது. புதிய சாலை இடத்தைப் புதிய வாகனங்கள் சில ஆண்டுகளில் நிரப்பிவிடும் என்பது எல்லா நகரங்களின் அனுபவம். அதற்குள், லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் வழியாகத் தரைத் தளத்தில் பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்கப்பட வேண்டும். தூண்களை ஒட்டி இருபுறமும் ஒவ்வொரு தடம், சமதள நடைமேடை, சாலையைக் கடக்கும் இடங்களில் பாதசாரிகளுக்குச் சமிக்ஞை ஆகியவை போதும். மேம்பாலத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குச் செலவிட்ட தொகையில் சிறு பகுதியே இதற்குத் தேவைப்படும்.

தடம் போட்டுவிட்டு ஓட்டப் பேருந்து இல்லையென்றால் இந்தூரின் கதைதான். ஒரு மின்பேருந்தின் விலை ஒன்றரைக் கோடி ரூபாய் எனக் கொண்டால், மெட்ரோவின் ஒரு கிலோமீட்டர் செலவில் இருநூறு பேருந்துகள் வாங்கலாம். அவற்றை ஓட்ட ஓட்டுநர்களும் பணிமனைகளும் ஆண்டுதோறும் மானியமும் வேண்டும் என்பது உண்மை. அந்த மானியத்தை நட்டம் என்று எழுதாமல் நகரத்தின் அடிப்படைச் செலவு என்று வரவு செலவுத் திட்டத்தில் எழுதும் மனம் வேண்டும். கோவையில் தனியார் நகரப் பேருந்துகளும் ஓடுகின்றன. அவர்களை எதிரிகளாக்காமல், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில் இந்தத் தடத்துக்குள் கொண்டுவர முடியும். அப்போது பயணிகளுக்காகப் பேருந்துகள் ஒன்றையொன்று துரத்தும் ஆபத்தும் நீங்கும்.

இரண்டாவது படி, ரயில் வட்டத்தில் புறநகர் சேவை. பீளமேடு, சிங்காநல்லூர், போத்தனூர் நிலையங்களில் பேருந்தும் ரயிலும் ஒரே பயணச்சீட்டில் இணைய வேண்டும். சென்னையில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு தரும் ‘சென்னை ஒன்று’ 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. அதைக் கோவைக்கு விரிப்பதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. மாநகராட்சி, போக்குவரத்துக் கழகம், நெடுஞ்சாலைத் துறை, காவல் துறை, ரயில்வே ஆகியவற்றை ஒருங்கிணைக்க அதிகாரமுள்ள ஒரே அமைப்பு வேண்டும் என்பதை மெட்ரோ கொள்கையும் வலியுறுத்துகிறது. சென்னையில் அதற்கான சட்டம் 2010-இல் வந்து, அமைப்பு உண்மையில் செயல்படத் தொடங்கப் பத்தாண்டுக்கும் மேல் ஆனது. கோவை அவ்வளவு காலம் காத்திருக்கலாகாது.

மூன்றாவது படியே மெட்ரோ. அதைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கான இடத்தை இன்றே குறித்துப் பாதுகாக்க வேண்டும். தனித்தடத்தில் பேருந்துகள் ஓடத் தொடங்கினால் எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எவ்வளவு தூரம் செல்கிறார்கள் என்ற உண்மைக் கணக்கு நாள்தோறும் கையில் சேரும். அரை நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடியும் கூட்டம் அடங்கவில்லை என்ற நிலை வரும்போது, மெட்ரோவுக்கான அறிக்கையை எவராலும் திருப்பி அனுப்ப முடியாது. மதிப்பீடுகளை வைத்து வாதாடுவதைவிட, நடைமேடையில் நிற்கும் மக்களைக் காட்டி வாதாடுவது வலுவானது.

மதுரைக்கும் அடிப்படையில் இதுவே பொருந்தும். அதன் குறுகிய தெருக்களும் கோயிலைச் சுற்றிய பழைய நகரமும் வேறு விதமான தடங்களைக் கோரும். ஆனால், பேருந்தை முதலில் சீராக்கி, இருக்கும் ரயிலைப் பயன்படுத்தி, கூட்டம் திரண்ட தடத்தில் மெட்ரோவுக்குச் செல்லும் வரிசை மாற வேண்டியதில்லை.

மெட்ரோவுக்கு மத்திய அரசின் ஒப்புதலும் வெளிநாட்டுக் கடனும் வேண்டும். இரண்டும் கிடைத்தாலும் முதல் ரயில் ஓட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அவிநாசி சாலையில் பேருந்துக்கு ஒரு தடம் ஒதுக்கத் தில்லியின் ஒப்புதல் தேவையில்லை. மாநில அரசும் மாநகராட்சியும் மனம் வைத்தால் ஓராண்டில் முடியும். மறுக்கப்பட்டதற்காகக் குரல் கொடுப்பது உரிமை. நம் கையில் இருப்பதைச் செய்து முடிப்பது கடமை. உரிமைக்குக் குரல் கொடுக்கும் அதே வேளையில், கடமையையும் இந்த ஆண்டே தொடங்குவதுதான் கோவை மக்களுக்குச் செய்யும் நியாயம்.